அவசரம் ப்ளீஸ்!! கேம் கத்தி போயிருச்சு, வாங்குனவர் தனக்கு வரலங்கிறார்

நைட்ஷிஃப்ட்94:
ப்ரோஸ் நேத்து நைட்டு கேம்ல இருக்க என் கத்திய ஒருத்தருக்கு வித்தேன், ட்ரேட் ஆஃபர் அனுப்பி மொபைல்ல கன்ஃபர்மும் பண்ணிட்டேன், இப்ப என்கிட்ட இல்ல ஆனா அவர் தனக்கு வரவே இல்லங்கிறார், காசும் போடல. 38 ஆயிரம். என்ன பண்றது

கொசுவர்த்தி:
எந்த கேம்? சமையல் கத்தியா 😂

தெப்பக்குளம்:
ஸ்டீம் கேம் ஸ்டோர்லயா வெளி சைட்லயா? அனுப்புன ஆஃபர் லிஸ்ட்ல என்ன காட்டுது?

கோவைக்காரன்:
வாங்கிட்டு இல்லங்கிறான், அவ்ளோதான். எனக்கு யூபிஐ ஸ்க்ரீன்ஷாட்ட எடிட் பண்ணி அனுப்புனானுங்க. சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கால் பண்ணுங்க

நைட்ஷிஃப்ட்94:
கவுண்டர் ஸ்ட்ரைக் 2 (சிஎஸ்2), ஸ்டீம்தான். லிஸ்ட்ல ரெண்டு ஆஃபர் இருக்கு, ஒண்ணு கேன்சல்னு இருக்கு. நான் கேன்சலே பண்ணலயே??

சீனியர்_சிங்கம்:
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க, பின் பண்ணி வெச்சத எவனும் படிக்கிறதில்ல. தம்பி, எங்கயோ போலி லாகின் பேஜ்ல பாஸ்வேர்ட் போட்டிருக்க. அந்த பேஜ் வெச்சவன் உன் அக்கவுண்ட்ல ஏபிஐ கீ (ப்ரோக்ராம் வெச்சு ட்ரேட கவனிக்க, கேன்சல் பண்ண விடுற சாவி) எடுத்து வெச்சுக்கிட்டு, நீ ஆஃபர் அனுப்புனதும் அத கேன்சல் பண்ணிட்டு அதே பேர் அதே போட்டோ வெச்ச இன்னொரு அக்கவுண்டுக்கு திருப்பிட்டான். கன்ஃபர்ம் அழுத்துறப்ப வாங்குற அக்கவுண்டோட லெவல், சேர்ந்த தேதி எல்லாம் காட்டுமே, பாத்தியா? பாத்திருக்க மாட்ட.

தெப்பக்குளம்:
திட்டுறத அப்புறம் வெச்சுக்கலாம்ணா. ப்ரோ 2025 ஜூலைல இருந்து சிஎஸ்2 ட்ரேடுக்கு 7 நாள் பாதுகாப்பு இருக்கு. மொதல்ல பாஸ்வேர்ட் மாத்தி, எல்லா டிவைஸ்லயும் லாக்அவுட் குடுத்து, ஏபிஐ கீய தூக்குங்க, அப்புறம் ட்ரேட் ஹிஸ்டரில போய் ரிவர்ஸ் குடுங்க. ஆனா ஒண்ணு, அந்த 7 நாள்ல பண்ண எல்லா ட்ரேடும் திரும்பிரும், 30 நாளைக்கு ட்ரேட் மார்க்கெட் ரெண்டும் பூட்டு

கோவைக்காரன்:
அந்த ரிவர்ஸே பெரிய அநியாயம். காசு குடுத்து வாங்குன கேம் க்ளவுஸ் 6வது நாள் திரும்பிப் போச்சு, வித்தவன் ப்ளாக் பண்ணிட்டான்

சீனியர்_சிங்கம்:
7 நாள் முடியறதுக்குள்ள யார் உன்ன காசு குடுக்கச் சொன்னா

கோவைக்காரன்:
அப்ப விக்கிறவன் பொருளையும் குடுத்துட்டு ஒரு வாரம் வாயப் பாத்துட்டு உக்காந்திருப்பானா?

கொசுவர்த்தி:
ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஆளா ஒருத்தர நடுவுல வெச்சு காச அவர்கிட்ட குடுத்து வைங்கப்பா

சீனியர்_சிங்கம்:
நடு ஆளே ஓடிட்டா? ஸ்டீம் மார்க்கெட்லயே போடு, 15% கமிஷன் போனா போகுது

கொசுவர்த்தி:
அந்தக் காசு ஸ்டீம் வாலட்லதான விழும், வெளிய எடுக்க முடியாதே. வீட்டு ஓனருக்கு கேம் வாங்கிக் குடுக்கவா

நைட்ஷிஃப்ட்94:
ரிவர்ஸ் குடுத்தேன், கத்தி வந்துருச்சு!! அது போன அக்கவுண்ட் லெவல் 0, இப்பதான் பாத்தேன். ஃப்ரெண்ட் ஐடில இருந்து ‘எங்க டீமுக்கு ஓட்டு போடு’னு ஒரு லிங்க் வந்துச்சு, அதுலதான் லாகின் பண்ணேன். போன திங்கக்கிழமை தம்பிகிட்ட வாங்குன ஸ்டிக்கரும் கூடவே திரும்பிப் போச்சு, காசு கேட்டா தர மாட்டேங்கிறான்