ரேஸ் கணக்கு நோட்டில் நான் எழுதாமல் விட்ட 28 ரூபாய்

2018-19 குளிர்கால சீசனில் சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்கு ஒரு ரேஸ் நாள்கூட விடாமல் போனேன். சீசன் முடிந்தபோது யார் கேட்டாலும், "பெரிசா நஷ்டம் இல்லை, வந்ததும் போனதும் சரியாப் போச்சு" என்றுதான் சொன்னேன். அப்படித்தான் மனதார நம்பினேன். 9-க்கு 1 விலையில் (ஒரு ரூபாய்க்கு ஒன்பது ரூபாய் லாபம்) நான் கட்டிய குதிரை கடைசி ஐம்பது மீட்டரில் பாய்ந்து வந்து ஜெயித்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அதே நாளில் தோற்ற நாலு குதிரைகளின் பெயர் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

நோட்டு எழுதும் பழக்கம் ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக் ஓரத்தில் பார்த்த ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. பழைய டைரி ஒன்றும் கட்டைப் பென்சிலும் வைத்திருப்பார். பணம் கட்டுவதற்கு முன்னாலேயே எழுதிவிடுவார்: எத்தனையாவது ரேஸ், குதிரை, தூரம், புக்கி (பந்தயப் பணம் வாங்குபவர்) சொல்லும் விலை, கடைசியில் 'ஏன்' என்று ஒரு கட்டம். சில ரேஸுக்கு எல்லாம் எழுதிவிட்டு, டைரியை மூடி அக்குளில் செருகிக்கொண்டு சும்மா நிற்பார். "ஏன் ஐயா, பணம் கட்டலையா?" என்று கேட்டேன். "'ஏன்'ல எழுத ஒண்ணும் வரலை தம்பி" என்றார்.

அடுத்த சீசனுக்கு நானும் ஒரு நோட்டு வாங்கினேன். அவருடைய கட்டங்களோடு தரை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் பெனட்ரோமீட்டர் அளவு, குதிரை கிளம்பும் கேட்டின் எண், கட்டிய தொகை, திரும்பி வந்த தொகை எல்லாம் சேர்த்துக்கொண்டேன். ஆனால் ஒரு பெரிய தப்பு செய்தேன். புக்கியிடம் 100 ரூபாய் கட்டினால் 100 என்றே எழுதினேன். 2017 ஜூலையிலிருந்து பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. என் கையிலிருந்து போனது 128. இதை நான் கவனிக்கவே பத்து வாரம் ஆனது. அதுவும் நோட்டில் இருந்த மிச்சமும் பர்ஸில் இருந்த மிச்சமும் ஒத்துப் போகாததால்தான்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஈவன் விலையில், அதாவது கட்டிய அளவே லாபம் தரும் விலையில், ஜெயித்தால் 100-க்குக் கைக்கு 200 வரும். 128 போக லாபம் 72. தோற்றால் 128-ம் போச்சு. அப்படியென்றால் நூற்றில் 64 தடவை ஜெயித்தால்தான் கைக்காசு அப்படியே நிற்கும். ஜெயிக்கும் என்று நிறையப் பேர் நம்பும் ஃபேவரைட் குதிரையை மட்டும் பிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அதுவரை நினைத்திருந்தேன். 2025 செப்டம்பரில் வரி 40 சதவீதம் ஆகிவிட்டது. அதே ஈவன் விலைக்கு இப்போது நூற்றில் 70 தேவை.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை ரேஸுக்குப் போகிற எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். சரி, என் திறமை எவ்வளவு? அதை அந்த 'ஏன்' கட்டம்தான் காட்டியது. 1200 மீட்டர் ரேஸில் நானே படித்துப் பார்த்துக் கட்டியவை ஓரளவு தாக்குப்பிடித்தன. யாரோ சொன்னதைக் கேட்டுக் கட்டி 'டிப்ஸ்' என்று எழுதியவை அநேகமாக எல்லாம் போயின. அதைவிட மோசம், கடைசி ரேஸ். அந்த வரிகளில் தொகை மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. 'ஏன்' கட்டம் காலி. விட்டதைப் பிடிக்கப் போனேன் என்று எழுத எனக்கே கை வரவில்லை.

*

மேலே எழுதியவர் வரி பற்றிச் சொன்னதால் என் அனுபவமும். எனக்கு ஒரு தடவை டிரெபிள் (மூன்று ரேஸில் ஜெயிக்கும் குதிரைகளைச் சேர்த்துச் சொல்லும் பந்தயம்) அடித்து 40,000 வந்தது. 10,000-க்கு மேல் போனதால் 30 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடித்து 28,000-தான் கையில் கொடுத்தார்கள். வருஷக் கடைசியில் என் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் போனேன். தோற்றதெல்லாம் தேதியோடு எழுதியிருக்கிறேனே, கழித்துவிடலாம் என்று நினைப்பு. "குதிரை வச்சிருக்கிற ஓனருக்கு வேற சட்டம் சார். பந்தயம் கட்டுறவங்களுக்கு ஜெயிச்ச பணத்துல ஒரு பைசா கழிக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து டிடிஎஸ்ஸுக்கும் ஒரு கட்டம் போட்டு, பிடித்தம் போக வந்ததை மட்டுமே வரவில் எழுதுகிறேன். புதிதாக எழுத ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து முதல் நாளிலிருந்தே இதைச் செய்யுங்கள்.

*

எங்கள் அண்ணனுக்கு நான்தான் நோட்டு வாங்கிக் கொடுத்தேன். மற்றதெல்லாம் அவன் இஷ்டம், ஒரு கட்டம் மட்டும் கட்டாயம் என்றேன்: 'பணம் எங்கிருந்து'. முதல் மாதம் பூரா 'சம்பளம்' என்று வந்தது. இரண்டாவது மாதம் 'சீட்டு' என்று இரண்டு இடத்தில். அப்புறம் ஒரு சனிக்கிழமை, சின்ன எழுத்தில், 'பாப்பா ஸ்கூல் ஃபீஸ்'. அந்தப் பக்கத்தை அவனே அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். இப்போது எட்டு மாதமாக அவன் ரேஸ் பக்கம் போகவில்லை. நோட்டின் மீதிப் பக்கங்களில் அண்ணி பால் கணக்கு எழுதுகிறார்.