மணி வாயத் தொறந்தா கருவாட்டு வாடை, நாய்க்கு வீட்லயே பல்லு விளக்கி விடுறது எப்படி?

நெல்லைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இப்ப தான் கேக்க வந்திருக்கேன். எங்க வீட்ல மணின்னு ஒரு ஸ்பிட்ஸ் இருக்கான், இங்க பாளையங்கோட்டைல எல்லாரும் பொமேரியன்னு தான் சொல்லுவாங்க, வர்ற தை வந்தா ஆறு வயசு முடியுது. ஓடுறான் ஆடுறான், பால்காரரப் பாத்து கொலைக்கிறான், எல்லாம் சரியா தான் இருக்கு, ஆனா ஒரு நாலஞ்சு மாசமா அவன் கொட்டாவி விட்டா பக்கத்துல உக்கார முடியல, மொட்டை மாடில கருவாடு காயப் போட்ட மாதிரி ஒரு வாடை.

போன ஞாயித்துக்கிழமை ஒதட்டத் தூக்கிப் பாத்தேன். முன்பல்லு வெள்ளையா தான் இருக்கு. உள்ள மேல் வரிசைல ஒரு பெரிய பல்லு இருக்குல்ல, அதுல பாதிக்கு மேல பழுப்பா, உப்புத்தண்ணி பக்கெட்டு ஓரத்துல படியுமே அந்த மாதிரி கெட்டியா ஒட்டிக் கெடக்கு. பல்லும் ஈறும் சேர்ற எடத்துல சிவப்பு பேனால கோடு இழுத்த மாதிரி இருக்கு. தொட்டா தலைய வெடுக்குன்னு திருப்பிக்கிறான்.

சாப்பாடு சொல்லணும்னா காலைல ஆச்சி கையால பால்சோறு, சாயங்காலம் டீ குடிக்கிறப்ப பிஸ்கட், ராத்திரி சிக்கன் சோறு. பிஸ்கட்ட நிப்பாட்டுங்கன்னா ஆச்சி என்னைய தான் வீட்ட விட்டு வெரட்டுவாங்க. ஒரு நாள் என்னோட பேஸ்ட்ட ப்ரஷ்ல வச்சு தேய்ச்சுப் பாத்தேன், வாயெல்லாம் நொரை தள்ளி கட்டிலுக்கு அடில போனவன் சாயங்காலம் வரைக்கும் வெளிய வரல. பக்கத்து வீட்டு அண்ணன் சாவியால சொரண்டி எடுத்துரு, பொலபொலன்னு வந்துரும்ங்காங்க. கல்லு உப்பு வச்சு தேய்க்கலாமா, வேப்பங்குச்சி குடுக்கலாமா, இல்ல டாக்டர்ட்ட தான் போகணுமா? வருசா வருசம் ஊசி போடத் தூக்கிட்டு போறோம், ஒருத்தரும் வாயத் தொறந்து பாத்ததில்ல.

மருதமலை_ரோடு:

அம்மணி மொதல்ல அந்த பேஸ்ட்ட நிறுத்துங்க. நாய்க்கு கொப்புளிச்சு துப்பத் தெரியாதுங்க, முழுங்கிரும், நம்ம பேஸ்ட்ல இருக்கற ஃப்ளோரைடும் நொரை வர்றதுக்கு போடற சமாச்சாரமும் வயித்துக்கு ஆகாது. சில பேஸ்ட்ல சைலிட்டால்னு இனிப்பு போடறாங்க, அது நாய்க்கு வெசம், ரத்தத்துல சக்கரை மளமளன்னு எறங்கிரும், ஈரலும் கெட்டுப் போயிரும். நாய்க்குன்னே சிக்கன் ருசில பேஸ்ட் விக்கறாங்க, முழுங்கினாலும் ஒண்ணும் ஆகாது. அது கெடைக்கற வரைக்கும் வெறுந்தண்ணில நனைச்ச ப்ரஷ்ஷே போதும், வேலைய செய்யறது ப்ரஷ் நாரு தானுங்க, பேஸ்ட்டு சும்மா லஞ்சம் மாதிரி.

எங்க லாப்ரடார் பையனுக்கு நான் பழக்குன கதைய சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க. எடுத்த ஒடனே ப்ரஷ்ஷ வாய்க்குள்ள விட்டா உங்களுக்கு ஆன மாதிரி தான் ஆகும். மொதல் நாலு நாள் ப்ரஷ்ஷே கிடையாது, ராத்திரி சாப்பிட்டு படுத்ததும் பக்கத்துல உக்காந்து கன்னத்த தடவறது, அப்படியே கட்டை வெரல்ல மேலொதட்ட லேசா தூக்கி வுடறது, ஒடனே ஒரு துண்டு வேகவச்ச ஈரல், அவ்வளவு தான், எந்திரிச்சு வந்துர்றது. அடுத்த நாலு நாள் வெரல்ல சுத்தமான பருத்தித் துணிய சுத்திட்டு, சிக்கன் வேகவச்ச தண்ணில நனைச்சு பல்லு மேல ஒரு தேய்ப்பு, அவன் அத நக்கறதுக்கே வாயத் தந்தான். அந்த சிக்கன் தண்ணில வெங்காயம் பூண்டு மசாலா எதுவும் கூடாதுங்க, வெங்காயம் நாய்க்கு ரத்தத்துல கெடுதல். பொறவு தான் ப்ரஷ். உங்க மணி சைசுக்கு கொழந்தைங்க ப்ரஷ், ரொம்ப மெதுவான நாரு உள்ளதா வாங்குங்க. பெட் ஷாப்ல வெரல்ல மாட்டற சிலிக்கான் தொப்பி விப்பாங்க, பழக்கறதுக்கு நல்லது, ஆனா ஈறு ஓரத்துல ப்ரஷ் அளவுக்கு போகாது.

வாயத் தொறக்கவே வேணாமுங்க, எல்லாரும் தப்பு பண்றது இங்க தான். வாயை மூடுன மேனிக்கு ஒதட்ட மட்டும் தூக்கி, ப்ரஷ்ஷ ஈறுப் பக்கம் 45 டிகிரி சாய்ச்சு, சின்ன சின்ன வட்டமா வெளிப்பக்கம் மட்டும் தேய்ச்சா போதும், உள்பக்கத்த நாக்கே ஓரளவு பாத்துக்கும். நீங்க சொன்ன அந்த மேல் பெரிய பல்லு கிட்ட தான் எச்சில் வர்ற குழாய் தொறக்குது, அதனால அங்க தான் காரை, அதாவது அந்த கெட்டிப் பழுப்பு, சீக்கிரம் புடிக்கும், நேரம் இல்லாத அன்னிக்கு அத மட்டுமாவது தேய்ங்க. பக்கத்துக்கு அரை நிமிசம், மொத்தம் ஒரு நிமிசம். எங்க பையனுக்கு பத்து வயசாகுது, பல்லு என்னுத விட நல்லா இருக்கு.

பழைய_சோறு:

நான் சொல்றேன்னு கோவிக்காதீங்க, எங்க அய்யா காலத்துல தோட்டத்துல எப்பவும் நாலு நாய் கெடக்கும், ஒண்ணுக்கும் பல்லு விளக்குனதா சரித்திரம் இல்ல. கெடா வெட்டுனா தொடை எலும்பத் தூக்கி போடுவோம், நாள் பூரா கடிச்சிட்டு கெடக்கும், பல்லு பளபளன்னு இருக்கும். நீங்க பால்சோறும் பிஸ்கட்டும் குடுத்து வளத்துட்டு இப்ப ப்ரஷ் பேஸ்ட்னு அலையுறீங்க. எலும்ப போடுங்க, எல்லாம் சரியாப் போயிரும்.

கால்நடை_கடைசிவருஷம்:

நான் ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறேன், இன்னும் டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுக்கங்க.

பழைய சோறு அண்ணே, பால்சோறு பல்லுல நல்லா ஒட்டும்கிறது சரி தான், ஆனா எலும்ப நான் ஒத்துக்க மாட்டேன். தோட்டத்து நாய் வாய யாரு தூக்கிப் பாத்தா சொல்லுங்க? கெட்டியான தொடை எலும்ப கடிச்சு அந்த மேல் பெரிய பல்லு பக்கவாட்டுல ஓடு மாதிரி பேந்து வர்றத நாங்க கிளினிக்ல அடிக்கடி பாக்குறோம். உள்ள நரம்பு தெரியும், ஆனாலும் நாய் சாப்பிட்டுட்டு தான் இருக்கும், வலிய வெளிய காட்டாது. வேகவச்ச எலும்புன்னா இன்னும் மோசம், சிம்பு சிம்பா ஒடஞ்சு தொண்டைலயோ குடல்லயோ குத்தும். எது குடுத்தாலும் கட்டை வெரல் நகத்தால அழுத்திப் பாருங்க, நகம் பதியலன்னா அது பல்லுக்கு ரொம்ப கெட்டி. மான் கொம்பு, குளம்பு இதெல்லாமும் அந்தக் கணக்கு தான்.

நெல்லைக்காரி அக்கா, பல்லுல மொதல்ல படியுறது வழவழன்னு கிருமிப் படலம், அது ப்ரஷ்ல போயிரும். ரெண்டு மூணு நாள் விட்டா எச்சில்ல இருக்கிற உப்புச்சத்து சேந்து கல்லா இறுகிரும், நாய் எச்சில் நம்மளோடத விட காரத்தன்மை உள்ளது, அதனால அவங்களுக்கு சொத்தை கம்மி, காரை ஜாஸ்தி. வாரத்துக்கு ஒரு தடவை தேய்க்கிறதுல பிரயோஜனம் இல்லாததும் இதனால தான், தெனமும் வேணும், கொறஞ்சது ஒரு நாள் விட்டு ஒரு நாள். நீங்க சொல்ற பழுப்பு ஏற்கனவே கல்லா ஆனது, அது எந்த ப்ரஷ்லயும் போகாது, உப்புலயும் போகாது. உப்பு, பேக்கிங் சோடா ரெண்டுலயும் சோடியம் அதிகம், தெனமும் முழுங்க வைக்கக் கூடாது. வேப்பங்குச்சி சிம்பு ஈறுல ஏறும். சாவிய தயவுசெஞ்சு தொடாதீங்க, எனாமல்ல கீறல் விழுந்தா அந்தக் கீறல்லயே முன்ன விட வேகமா அழுக்கு புடிக்கும், அதுவும் போக அவன் தலைய வெடுக்குன்னு திருப்புனா ஈறு கிழியும்.

அந்த சிவப்புக் கோடு ஈறு வீக்கம். தொட்டா திருப்பிக்கிறான்னா வலிக்குது. வலிக்கிற வாய்ல ப்ரஷ் போட்டு பழக்குனீங்கன்னா ப்ரஷ்ஷயே எதிரியா நெனச்சிருவான், அதனால மொதல்ல டாக்டர், அப்புறம் ப்ரஷ். திருநெல்வேலிலயே ராமையன்பட்டில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க கேளுங்க. சின்ன ஜாதி நாய்ங்களுக்கு இது சீக்கிரமே வரும், பெரிய நாய்க்கும் 42 பல்லு தான், ஸ்பிட்ஸ் பொமேரியன் வாய்லயும் அதே 42 தான், எடம் நெருக்கடி. சில குட்டிகளுக்கு பால் கோரைப்பல் விழாம புதுப்பல்லோட ஒட்டி நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல சோறு அடைக்கும், அதையும் பாக்கச் சொல்லுங்க.

ரெண்டுநாய்_வீடு:

சாவின்னு படிச்சதும் எழுதாம போக முடியல. எங்க டாஷண்ட் பொண்ணுக்கு மூணு வருஷம் முன்னாடி இதே கதை. மயக்க மருந்து குடுத்து க்ளீன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரு, எனக்கு பயம், எட்டு வயசு நாய்க்கு மயக்கமான்னு. அந்த நேரம் பாத்து ஒரு க்ரூமிங் கடைல மயக்கமே வேணாம், முழிச்சிருக்கும்போதே ஸ்கேலிங் பண்ணித் தரோம்னாங்க, காசும் கம்மி. ரெண்டு பேர் புடிச்சிக்க ஒருத்தர் கொக்கி மாதிரி ஒண்ண வச்சு சொரண்டுனாரு, அவ கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு. வெளிய வந்தப்ப பல்லு முத்து மாதிரி இருந்துச்சு, நானும் சந்தோசமா ஃபோட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புனேன்.

ஏழெட்டு மாசம் கழிச்சு ஒரு காலைல பாத்தா வலது கண்ணுக்கு கீழ எலுமிச்சம்பழம் சைசுக்கு வீக்கம். குளவி கொட்டிருச்சுன்னு நெனச்சு மஞ்சள் பத்து போட்டேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. டாக்டர் பாத்துட்டு கண்ணுல ஒண்ணும் இல்ல, மேல் கடவாய்ப் பல்லு வேர்ல சீழ் கட்டியிருக்கு, அந்த வேர் கண்ணுக்கு நேர் கீழ தான் போய் நிக்கும்னாரு. மேல தெரிஞ்சத மட்டும் சொரண்டியிருக்காங்க, ஈறுக்கு உள்ள இருந்தது அப்படியே இருந்திருக்கு. நோயே ஈறுக்கு அடில தான் இருக்குமாம். கடைசில அதே மயக்க மருந்து குடுத்து மூணு பல்லு எடுத்தாங்க. அவ அதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவே ஒரு பக்கமா தான் மென்னுட்டு இருந்தா, கெட்டியான உருண்டைய வாய்ல எடுத்து கீழ போட்டுட்டு மறுபடி எடுப்பா, நான் அத வெளையாட்டுன்னு நெனச்சேன்.

நெல்லைக்காரி:

ஐயோ படிக்கவே ஒரு மாதிரி இருக்கு. மணியும் பிஸ்கட்ட ரெண்டு தடவ கீழ போட்டு தான் திங்கான், ஆச்சி அத சேட்டைன்னு சிரிப்பாங்க. தம்பி, மயக்க மருந்துல ஆபத்து இல்லியா? டாக்டர்ட்ட என்னென்ன கேக்கணும்? பல்லு சுத்தம் பண்ற குச்சின்னு கடைல விக்காங்களே, அது போட்டா ப்ரஷ் வேணாமா?

கால்நடை_கடைசிவருஷம்:

ஆபத்தே இல்லன்னு யாரும் சொல்ல முடியாது அக்கா, ஆனா கொறைக்க வழி இருக்கு. முன்னாடியே ரத்தப் பரிசோதனை பண்ணி கல்லீரல், கிட்னி பாப்பாங்களான்னு கேளுங்க, இதயத்த ஸ்டெத் வச்சு பாக்கணும். மூச்சுக்குழாய்ல ட்யூப் போடுவாங்களான்னு கண்டிப்பா கேளுங்க, காரைய எடுக்குற அல்ட்ராசோனிக் கருவி தண்ணிய பீச்சிக்கிட்டே தான் வேலை செய்யும், அந்த அழுக்குத் தண்ணி நுரையீரலுக்கு போகாம தடுக்குறது அந்த ட்யூப் தான். ஈறுக்கு அடிலயும் க்ளீன் பண்ணி கடைசில பாலிஷ் போடணும், பல் எக்ஸ்ரே வசதி இருந்தா இன்னும் நல்லது. எப்ப இருந்து பட்டினி போடணும்னு டாக்டர் சொல்ற நேரத்த அப்படியே கேளுங்க, ஆச்சி திருட்டுத்தனமா பால்சோறு ஊட்டிராம பாத்துக்கங்க, நெசமாவே அது தான் பெரிய ஆபத்து.

குச்சி பத்தி, பாக்கெட்ல வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கான்னு பாருங்க, அது வெட்டர்னரி ஓரல் ஹெல்த் கவுன்சில்னு அமெரிக்காவுல உள்ள அமைப்பு, கம்பெனிக்காரங்க குடுக்குற ஆய்வு முடிவ பாத்துட்டு படலத்தையோ காரையையோ கொறைக்குதுன்னு தெரிஞ்சா தான் முத்திரை குடுப்பாங்க. க்ரீனீஸ்ங்கிற கம்பெனி குச்சி அதுல ஒண்ணு. ஆனா அதுவும் ப்ரஷ்ஷுக்கு துணை தான். அதுல கலோரி உண்டு, குண்டு ஸ்பிட்ஸ்னா சோத்த கொஞ்சம் கொறைக்கணும்.

பழைய_சோறு:

தம்பி சொன்னத கேட்டு கோவம் வந்து நேத்து எங்க கருப்பன் வாயத் தூக்கிப் பாத்தேன், ஏழு வயசு, ஜம்முனு இருப்பான்னு காட்டலாம்னு. இடது பக்கம் மேல் பெரிய பல்லு பாதி இல்ல. நடுவுல ஒரு கருப்புப் புள்ளி. எப்ப ஒடஞ்சுதுன்னே தெரியல, நேத்து வரைக்கும் எலும்பு கடிச்சிட்டு தான் இருந்தான். திங்கக்கிழமை கூட்டிட்டு போறேன். ஆனா ப்ரஷ் எல்லாம் நான் போட மாட்டேன், அவன் என் கைய தனியா எடுத்துருவான்.

மருதமலை_ரோடு:

அண்ணா துணிய சிக்கன் தண்ணில நனைச்சு ஆரம்பிங்க, கை பத்திரமா இருக்கும். வலி தீந்த பொறவு தான், மறந்துராதீங்க.

நெல்லைக்காரி:

ஒரு மாசம் கழிச்சு வந்திருக்கேன், மன்னிக்கணும். மணிக்கு ரத்தம் எல்லாம் பாத்து க்ளீனிங் முடிஞ்சுது, ஆடிக்கிட்டு இருந்த சின்ன பல்லு ரெண்ட எடுத்துட்டாங்க, அந்த பெரிய பல்ல காப்பாத்தியாச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்ப குடிச்சவன் மாதிரி தள்ளாடுனான், ஆச்சி அழுதுட்டாங்க. புண்ணு ஆற ரெண்டு வாரம் ப்ரஷ் வேணாம்னு டாக்டர் சொன்னாரு, அந்த ரெண்டு வாரமும் கன்னம் தடவுறது, ஒதட்டத் தூக்குறது மட்டும் பண்ணேன். இப்ப ராத்திரி ஆச்சி பல்செட்ட கழட்டி டம்ளர்ல போடுற சத்தம் கேட்டாலே மணி என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிறான், அடுத்து அவனுக்கு தான்னு தெரிஞ்சிருச்சு. வாடை போயிருச்சு. பிஸ்கட்டுக்கு பதிலா கேரட்டு துண்டு குடுக்கிறோம், ஆச்சி அதையும் டீல முக்கித் தான் குடுக்காங்க, டீயே நாய்க்கு ஆகாதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

ஒரே ஒரு சந்தேகம். இடது பக்கம் அழகா காட்டுறான், வலது பக்கம் ப்ரஷ் போனா நாக்க வச்சு தள்ளி விட்டுட்டே இருக்கான். நான் வலது கைக்காரி, கைய மாத்திப் புடிக்கணுமா இல்ல அவன மறுபக்கம் படுக்க வைக்கணுமா?