புதுப்பிப்பு: அப்பா வாங்கி வைத்த என்ஜின் ஆயில்

அப்பா 2016-இல் வாங்கி வைத்த இரண்டு ஆயில் டப்பாக்களைப் பைக்கில் ஊற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஊற்றவில்லை.

திறந்திருந்த டப்பாவில் ஆயில் மோர் போல வெளுத்திருந்தது. சூடான தகரத்தில் ஒரு சொட்டு விட்டேன், படபடவென்று பொரிந்தது. தண்ணீர் இறங்கிவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சீல் உடையாத டப்பாவில்தான் மனம் ஊசலாடியது. ஆயில் தெளிவாகவே இருந்தது. ஆனால் மூடிய ஆயிலுக்கே பொதுவாக 5 ஆண்டுதான் கணக்கு. அடியில் பிசுபிசுவென்று வண்டல் வேறு. மேலும் அது கார் ஆயில். லேபிளில் பைக் ஆயிலுக்கான 'ஜாசோ எம்ஏ' தர முத்திரை இல்லை. ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் பைக் கிளட்ச் அதனால் வழுக்கக்கூடும்.

அந்த ஆயிலை வாசல் கேட்டின் கீலுக்கு வைத்துக்கொண்டேன். கெட்டுப்போனதை ஒர்க்‌ஷாப்பின் கழிவு ஆயில் பீப்பாயில் சேர்த்துவிட்டேன். தயவுசெய்து யாரும் சாக்கடையில் கொட்டாதீர்கள்.