எங்கள் மொட்டை மாடிக்கு எதிரே ஒரு ராட்டினம்

வண்டியூர்வாசி:

ராட்டினத்தில் ஏறி வாந்தி எடுத்த கதை எல்லாரிடமும் ஒன்று இருக்கும். என்னிடமும் உண்டு. சின்ன வயதில் மதுரை தமுக்கம் பொருட்காட்சிக்குப் போய், டெல்லி அப்பளத்தையும் மிளகாய் பஜ்ஜியையும் ஒரு கை பார்த்துவிட்டுக் கொலம்பஸ் என்கிற ஆடும் கப்பலில் ஏறினேன். வேறென்ன நடக்கும்? அதை விடுங்கள். ராட்டினத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக நாற்பது நாள் இருந்த கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் வீடு வண்டியூர்ப் பக்கம். தெருவைத் தாண்டினால் ஒரு பொட்டல். ஒரு காலத்தில் கண்மாய் ஓரத்து வயல். பிறகு பிளாட் போட்டுக் கல் ஊன்றினார்கள், விலை படியவில்லை, கருவேலம் மண்டிக் கிடந்தது. ஒரு பங்குனிக் கடைசியில் ஜேசிபி வந்து முள்ளையெல்லாம் சுரண்டித் தள்ளியது. யாரோ வீடு கட்டப் போகிறார்கள் என்று நினைத்தோம். மறுநாள் விடியும்போது ஆறு லாரி நிற்கிறது. இரும்பு, இரும்பு, மேலும் இரும்பு. ஒரு லாரியின் பின்பக்கத்திலிருந்து மூக்கு உடைந்த டிராகன் தலை ஒன்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. கோடை விடுமுறைக்குத் தனியார் யாரோ போடுகிற பொருட்காட்சியாம்.

பல் தேய்த்துக்கொண்டே மாடியில் நின்று வேடிக்கை பார்ப்பது அன்றைக்குத்தான் ஆரம்பமானது. முதல் இரண்டு நாள் அவர்கள் இரும்பைத் தொடவே இல்லை. தரையைத்தான் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள், திமிசு போட்டு இடித்தார்கள், ரயில்வே சிலிப்பர் கட்டைகளை அடுக்கினார்கள், கொத்தனார் மாதிரி டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார்கள், மறுபடி கட்டையைப் பிரித்தார்கள். எங்கள் அப்பத்தாவுக்கே பொறுக்கவில்லை. "இவனுங்க ராட்டினம் போட வந்தானுங்களா, வீட்டுக்குக் கடக்கால் போட வந்தானுங்களா?" என்றது.

மேஸ்திரி சேலம் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். மற்ற பையன்கள் பீகார். குடிதண்ணீர் கேட்டு வந்தார், அப்படியே பழக்கமாகிவிட்டது. கண்மாய் மண்ணை நம்பக் கூடாது என்று முதல் நாளே சொன்னார். "சார், சக்கரம் ஒடஞ்சி விழாது. காலு எறங்குச்சின்னா சாஞ்சிரும்." ராட்டினம் என்றால் மேலே பார்த்துத்தான் நமக்குப் பழக்கம். அந்த ஆள் எந்நேரமும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் கோபுரக் கால்கள் எழும்பின. செயின் பிளாக் வைத்து அச்சைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அப்புறம் ஆரக்கால்கள். ஒன்றை மாட்டினால் அடுத்ததை அதன் பக்கத்தில்தான் மாட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, நேர் எதிரே மாட்டுகிறார்கள். ஒரே பக்கம் எடை ஏறினால் சக்கரம் தானே உருண்டு ஆளை அடித்துவிடுமாம். ஒவ்வொரு ஆரக்காலிலும் பெயின்டில் நம்பர். 7 வர வேண்டிய இடத்தில் 9 வந்தால் துளையே பொருந்தாது.

எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்பது அந்த வெள்ளைக் கோடு. ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கி முடித்தபின் மேஸ்திரி ஒரு சின்ன பிரஷ்ஷால் நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து ஒரே இழுப்பாக ஒரு கோடு போடுவார். நட்டு ஓர் இம்மி திரும்பினாலும் கோடு முறிந்துவிடும். ஆக, தினமும் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்க்க வேண்டாம், கோடு நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கழுத்தை வளைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு போவதைப் பார்த்தால், அம்மா அரிசியில் கல் பொறுக்குவது மாதிரியே இருக்கும்.

டிக்கெட் கவுன்டரில் சில காகிதங்களின் ஜெராக்ஸ் ஒட்டியிருந்தது. கட்டுமானத்துக்குப் பொதுப்பணித்துறை, மின்சாரத்துக்கு மின் ஆய்வாளர், தீயணைப்பு, போலீஸ் என்று வரிசையாக முத்திரைகள். நின்று படித்தது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

சரி, அக்கம்பக்கத்துக் கஷ்டத்துக்கு வருவோம். வடகம் காயப் போட முடியாது, புழுதி. தெருவில் வண்டியை எடுக்க முடியாது. எங்கள் மாடி இருபத்தைந்து அடி, ராட்டினம் ஐம்பத்தைந்து அடி. ஆகவே சுற்றுக்குச் சுற்று பதினாறு பெட்டியும் எங்கள் மாடியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். கோடையில் மாடியில் படுக்கிற குடும்பம் நாங்கள். பாயை விரித்து உட்கார்ந்தால் யாரோ ஒரு பையன் டாட்டா காட்டுவான். முதல் வாரம் எரிச்சல், இரண்டாம் வாரம் நாங்களும் டாட்டா காட்டினோம்.

சத்தம்தான் தாங்க முடியவில்லை. ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரி நாட்களுக்கு மாநில அரசு வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவு வரை தளர்த்தலாம். தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போய் இதைச் சொன்னோம். அன்றிலிருந்து பத்து மணிக்கு ஸ்பீக்கர் நின்றது. ஆனால் கொலம்பஸில் இருக்கிறவர்கள் கத்துவதற்கு எந்த விதி இருக்கிறது?

மூன்றாவது வாரம் ஒரு நாள் ராத்திரி எட்டரைக்கு ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. டீசல் லைனில் காற்று. விளக்கெல்லாம் போய்விட்டது. சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற கம்பிவடத்தை இழுப்பது மோட்டார், மோட்டார் இல்லையென்றால் சக்கரம் அப்படியே நிற்கும். பெட்டிகள் இருட்டில் லேசாக ஆடுகின்றன, குழந்தைகள் அழுகிற சத்தம். எங்கள் மாடிக்கு நேரே ஒரு பெட்டி. அதில் ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்கிறார்.

அப்பத்தா கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்று, "ஏத்தா, எந்த ஊரு?" என்றது.

"சிலைமான்."

"சிலைமான்ல யாரு வீடு?"

அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் அந்த அம்மாவின் மாமியார், அப்பத்தாவின் தங்கை கொழுந்தனாருக்குப் பெண் எடுத்த வழியில் சொந்தம் என்று முடிவாகிவிட்டது. "அப்ப எனக்கு நீ மருமக முறை. எந்திரிக்காத, புள்ளைகளையும் எந்திரிக்க விடாத. கீழ ஆள் நிக்கிறாங்க, எறக்கிருவாங்க."

உண்மையிலேயே இறக்கினார்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மேஸ்திரியும் நாலு பையன்களும் விளிம்பைக் கையால் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். ஒரு பெட்டி கீழே வரும், ஆளை இறக்குவார்கள், அப்புறம் அரைச் சுற்று இழுத்து எதிர்ப் பெட்டி. வரிசையாக இறக்கினால் ஒரு பக்கம் கனம் கூடி, பிடித்த கையை மீறிச் சக்கரம் ஓடிவிடும். ஏற்றும்போதும் அவர் இப்படித்தான் எதிரெதிராக ஏற்றுவார். பக்கத்துப் பெட்டி காலியாக இருக்க எங்களை ஏன் காக்க வைக்கிறாய் என்று ஜனங்கள் அவரோடு சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஐந்து பேர் கையால் சுற்ற முடிந்ததற்குக் காரணமே அந்த எதிரெதிர் கணக்குதான். முப்பத்தைந்து நிமிடத்தில் எல்லாரும் தரையில்.

சித்திரை முடிவில் கோடை மழை கொட்டியது. மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது, கூட்டமும் வந்தது, ராட்டினம் மட்டும் ஓடவில்லை. ஒரு காலுக்கடியில் கட்டை ஒரு விரல் அளவு இறங்கியிருந்ததாம். இரண்டு நாள் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வசூல் போகிறதென்று முதலாளி போனில் கத்தியது எங்கள் வாசல் வரை கேட்டது. மேஸ்திரி பீடியை இழுத்துக்கொண்டு "மண்ணு காயட்டும்" என்றார்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

பழைய ஆபரேட்டர்:

மேஸ்திரிக்கு என் வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு தீம் பார்க்கில் ரோலர் கோஸ்டர் பக்கம் வேலை பார்த்தேன். எங்களிடமும் அந்த வெள்ளைக் கோடு உண்டு.

பார்க் திறப்பது பத்தரைக்கு, நாங்கள் போவது ஏழுக்கு. தண்டவாளத்தை நடந்தே பார்ப்போம். கோஸ்டர் வண்டிக்கு மூன்று வகைச் சக்கரம் இருப்பது பலருக்குத் தெரியாது. மேலே பாரம் தாங்க ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் பிடித்துக்கொள்ள ஒன்று. அந்த அடிச்சக்கரம் இருப்பதால்தான் மேட்டில் வண்டி எகிறிப் போகாது. அப்புறம் ஆள் இல்லாமல் இரண்டு மூன்று தடவை ஓட்டுவோம்.

எங்கள் வண்டிக்கு இன்ஜினே கிடையாது. முதல் மேட்டுக்குச் சங்கிலி இழுத்துப் போகும், அதன்பின் எல்லாம் இறக்கத்தின் வேகம்தான். உராய்விலும் காற்றிலும் வேகம் குறைந்துகொண்டே போகும் என்பதால் முதல் மேடுதான் எப்போதும் உயரம். ஏறும்போது டக் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்குமே, அதைக் கேட்டு "சங்கிலி தேஞ்சிருச்சு போல" என்று பயப்படாத ஆளே இல்லை. அது ஒரு கொக்கி பல் பல்லாக விழுகிற சத்தம். சங்கிலியே அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கிறது அதுதான். பயம் வர வேண்டியது அந்தச் சத்தம் நின்றால்.

எனக்குத் தொல்லை கொடுத்தது எப்போதும் மனிதர்கள்தான். மடியில் இறங்குகிற கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகுதான் பட்டனை அழுத்துவோம். ஒருவர் செல்ஃபி எடுக்க வசதியாகப் பையை மடியில் வைத்து, அதன்மேல் கம்பியை இறக்கிக்கொண்டார். வண்டி கிளம்பிய பின் பையை உருவிவிட்டால் எவ்வளவு இடைவெளி! பையை வாங்கி வைத்ததற்கு மேனேஜரிடம் புகார் கொடுத்தார். உயரம் அளக்கிற கம்பத்துக்குக் கீழே நின்ற பிள்ளைக்காக அப்பா ஒருவர் ஐநூறு ரூபாய் நீட்டியதும் உண்டு. ஒல்லியான பிள்ளை கம்பிக்கடியில் வழுக்கிக்கொண்டு போகும் என்பதற்காகத்தான் அந்த அளவே. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ராட்டினத்தின் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஃபெரிஸ் என்கிற பாலம் கட்டுகிற இன்ஜினியர் 1893-ல் சிகாகோ கண்காட்சிக்குக் கட்டியது 264 அடி. நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி என்பார்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். ஆள் எதிரெதிராக ஏறினார்களா என்று வண்டியூர்வாசியின் மேஸ்திரியைத்தான் அனுப்பிக் கேட்க வேண்டும்.

மேலூர்க்காரி:

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு மரத்தில் செய்த தொட்டில் ராட்டினம் வரும். நாலே தொட்டில். மோட்டாரும் கிடையாது, கம்பிவடமும் கிடையாது. ஒரு அண்ணன் சட்டத்தில் ஏறித் தொங்குவார், அவர் கனத்தில் சக்கரம் இறங்கும், தரைக்கு வருமுன் குதித்துவிட்டு அடுத்த சட்டத்தைப் பிடிப்பார். குரங்கு மாதிரி என்று சொன்னால் குறைவு. குடை ராட்டினத்தைப் பையன்கள் ஓடி ஓடித் தள்ளுவார்கள். பத்து ஆட்டம் தள்ளினால் ஓர் ஆட்டம் சும்மா. என் தம்பி ஒரு திருவிழா முழுக்கத் தள்ளினான், அவன் ஏறியதை விட என்னை ஏற்றியதுதான் அதிகம். இப்போது துபாயில் கிரேன் ஓட்டுகிறான்.

கொலம்பஸில் வயிறு தூக்கிப்போடுவது ஏன் என்று என் மகள்தான் விளக்கினாள். கப்பல் இறங்கும்போது நாமும் இருக்கையும் சேர்ந்தே விழுகிறோமாம், இருக்கை நம்மைத் தாங்குவது குறைந்துவிடுகிறதாம். உள்ளே குடலும் அப்படியே. விளக்கம் தெரிந்தபிறகும் எனக்கு அதே கத்தல்தான்.

பெண்களுக்கு ஒரு சொல். கோ கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டி ஓட்டப் போன இடத்தில் துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொல்லி, பின்னலையும் கொண்டை போட்டு ஹெல்மெட்டுக்குள் திணிக்கச் சொன்னான் ஒரு சின்னப் பையன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இறங்கிய பிறகு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அச்சும் சங்கிலியும் முக்கால்வாசி திறந்து கிடக்கிறது, என் முதுகிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. திரும்பிப் போய் அந்தப் பையனுக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன்.

அனுப்பானடி குமரன்:

வண்டியூர்வாசி அண்ணே, எல்லாம் சரி. அப்பத்தா ராட்டினத்தில் ஏறினாங்களா இல்லையா?

வண்டியூர்வாசி:

ஏறியது தம்பி. கடைசி நாள் மேஸ்திரி வந்து, "நாப்பது நாள் தண்ணி குடுத்தீங்க, ஒரு ஆட்டமாச்சும் வாங்க பாட்டி" என்று கூப்பிட்டார். கூட்டம் இல்லாத மத்தியானம். எதிர்ப் பெட்டியில் என்னையும் பக்கத்து வீட்டு மாமாவையும் கனத்துக்கு உட்கார வைத்தார். அப்பத்தா கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றது. உச்சியில் பெட்டியை நிறுத்தினார்கள். யானைமலை தெரிகிறதா, தெப்பக்குளம் தெரிகிறதா என்று கீழிருந்து நான் கத்துகிறேன். அப்பத்தா எந்தப் பக்கமும் திரும்பவில்லை. எங்கள் வீட்டையே உற்றுப் பார்த்தது.

"டேய், தண்ணித் தொட்டி மூடி தெறந்து கெடக்குடா!"

அடுத்த சுற்றுக்குக் காத்திருக்காமல் என்னை முதலில் இறக்கச் சொல்லிச் சத்தம் போட்டது. மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. கனம் சரியாக இருக்க வேண்டுமாம்.