‘சபாபதி’யின் சிரிப்பு: கற்பனை வளமா, அதிர்ஷ்டமா?

கேள்வி (காரைக்குடி வாசகர்):
சென்ற வாரம் எங்கள் வளவில் எல்லோரும் கூடியிருந்தபோது, 1941இல் வெளிவந்த ‘சபாபதி’ நகைச்சுவைப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். எங்கள் அப்பத்தாவும் பத்து வயதுப் பையன்களும் ஒரே இடங்களில் சிரித்தார்கள். அதை இயக்கிய இருவருள் ஒருவர் நம் ஊர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். 1935இல் அவர் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’, ‘ரத்னாவளி’ இரண்டும் தோல்வி கண்டவை. ஆறே ஆண்டுகளில் இப்படியொரு படத்தைத் தந்தது அவருடைய கற்பனை வளமா, நல்ல நேரமா? வீட்டில் விவாதம் முடியவில்லை.

பதில் (தேவகோட்டை நாடக ஆர்வலர்):
ஐயா, இதில் நேரத்தின் பங்கு குறைவு என்பது என் கருத்து. இது பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம்; பார்வையாளர்கள் எங்கே சிரிப்பார்கள், நடிகர் எங்கே பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்பதை மேடை முன்பே கற்றுக்கொடுத்துவிடும். எசமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. வேலைக்காரனாக வந்த காளி என். ரத்னமோ, சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனியில் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். சிரிப்பு மூட்டுகிறோம் என்ற நினைப்பை முகத்தில் காட்டாமல் நடிக்கத் தெரிந்தவர்.

பதில் (படத்தொகுப்பாளர், சொந்த ஊர் பள்ளத்தூர்):
முந்தைய பதிலில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். மேடை நடிகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார், படச்சுருள் காத்திருக்காது. வினாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகையில், கேட்பவர் முகத்தைப் பன்னிரண்டு சட்டம் முன்னதாக வெட்டிவிட்டால் நல்ல வசனமும் வீணாகிவிடும், கூடுதலாக விட்டால் தொய்ந்துவிடும். முன்னால் ரசிகரே இல்லாமல் அந்த இடைவெளியை ஊகித்து வைக்கிறோம்; அந்த ஊகம் பலிப்பதையே நான் அதிர்ஷ்டம் என்பேன்.

காலத்தால் வரும் அதிர்ஷ்டம் வேறு. நம் தேவகோட்டை ரஸ்தா ஸ்டுடியோவில் உருவான செட்டியாரின் ‘நாம் இருவர்’ படம் 1947 பொங்கலுக்கு வந்தது, அதில் டி.கே. பட்டம்மாள் பாடிய, பாரதியின் ‘ஆடுவோமே’ பாட்டு ஆகஸ்டுக்கு முன்பே சுதந்திரத்தைக் கொண்டாடியது. காற்று எப்போது வீசும் என்று செட்டியாருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஆனால் பாரதி பாடல்களின் உரிமையை அவர் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். தூற்றுவதற்கு நெல் களத்தில் இருந்தது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்பத்தாவிடம் இரண்டு பதில்களையும் படித்துக் காட்டினேன். ரத்னம் பேசாமல் நிற்கும் இடங்களை மட்டும் மறுபடி போட்டுக் காட்டச் சொல்கிறார். இந்த ஞாயிறு பார்க்கிறோம்.