கோழியைப் பிடித்தது எது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கரூர்த் தோட்டக்காரன்:
பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டில் கோழி குறைந்துகொண்டே வருகிறது. மரநாய்தான் என்று அடித்துச் சொல்கிறார். எங்கள் பக்கம் எது நடந்தாலும் பழி மரநாய் தலையில்தான் விழும், இராத்திரி ஓட்டின் மேல் ஒரு சத்தம் கேட்டுவிட்டால் தீர்ப்பே எழுதிவிடுவார்கள். ஆனால் அவருக்குப் போவதெல்லாம் நல்ல பகலில், மேயும்போது. மரநாய் அந்நேரம் பனைமரத்திலோ பரணிலோ தூங்கிக்கொண்டிருக்கும். எனக்குக் கீரி மேல்தான் சந்தேகம், ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். கிளுவை வேலிக்கு அடியில் படுத்திருந்து, ஒரு விடைக்கோழி வேலியோரம் சீய்க்க வந்ததும் பாய்ந்து பின்மண்டையைக் கவ்வியது. கோழி ஒரு தடவைதான் இறக்கையை அடித்தது. வேலிச் சந்தில் கோழியின் உடம்பு சிக்கிக்கொள்ள, நான் கத்திக்கொண்டு ஓடியும் கீரி உடனே விடவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துத்தான் போனது.

கோழி போடும் சத்தத்தையும் கவனியுங்கள். மேலே பருந்து வட்டமிட்டால் தாய்க்கோழி நீட்டி ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் செடிக்கடியில் பம்மிவிடும். தரையில் கீரியோ பாம்போ என்றால் கழுத்தைத் தூக்கி நின்றுகொண்டு விடாமல் கொக்கரிக்கும், சேவலும் சேர்ந்துகொள்ளும்.

குமரி மலையோரம்:
அண்ணா, மரநாய்க்கு நல்லாத்தான் வக்காலத்து வாங்குகிறீர்கள்! எங்கள் வீட்டுக்கு வந்தது அதேதான். காலையில் கூண்டைத் திறந்தால் மூன்று கோழி செத்துக் கிடந்தன. இரண்டுக்குக் கழுத்தில் கடி, உடம்பு முழுசாக இருந்தது. ஒன்றுக்குத் தலையும் நெஞ்சுக் கறியும் இல்லை. கதவு போட்டபடி இருந்தது. தரையெல்லாம் தேடியும் ஒன்றும் கிடைக்காமல் ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோதுதான், ஓடு ஒன்று நகர்ந்து கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருப்பது தெரிந்தது. கொஞ்சம் தள்ளி முகட்டு ஓட்டின் மேல் எச்சம், அதில் கூந்தற்பனைக் கொட்டை அப்படியே செரிக்காமல் கிடந்தது. பழம் தின்கிற பிராணி, உயரத்தில் எச்சம் போடுகிற பிராணி, அப்புறம் வேறு சாட்சி எதற்கு? ஓட்டுக்கு அடியில் வலை அடித்த பிறகு தொந்தரவு இல்லை. இப்போதும் இராத்திரி கூரை மேல் நடக்கிறது, நடக்கட்டும்.

டெல்டாவிலிருந்து:
எங்கள் பக்கம் பிரச்சினை அடைக்கோழிக்குத்தான். அடை வைத்த முட்டை குறைகிறது, ஓட்டுத் துண்டுகூட இல்லை என்றால் முதலில் பாம்பை நினையுங்கள். சாரையும் நல்ல பாம்பும் முட்டையை முழுசாக விழுங்கிவிடும். உடைந்த ஓடும் மஞ்சள் கருவும் சிந்திக் கிடந்தால் கீரி, காக்கை, பெருச்சாளி எதுவாகவும் இருக்கலாம், கோழியே கொத்திக் குடித்திருந்தாலும் இருக்கலாம், அதன் அலகைப் பாருங்கள். ஒருமுறை குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது. காயம் தெரியவில்லை, ஆனால் தலையிலிருந்து தோள் வரை பஞ்சு நனைந்து ஒட்டிப்போயிருந்தது. விழுங்க முடியாமல் கக்கிவிட்டுப் போயிருக்கிறது. பக்கத்தில் இருந்த வைக்கோலைக் கையால் கிளறாமல் கம்பால் விலக்கினால், உள்ளே நல்ல பாம்பு! தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டோம், வந்து பிடித்துப் போனார்கள். அதனால் முட்டை எடுக்க இருட்டில் கையை விடாதீர்கள், வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

நாமக்கல் தம்பி:
கொட்டகை நிறையக் கோழி செத்து, ஒன்றைக்கூடத் தின்னாமல் போட்டுவிட்டுப் போயிருந்தால் காட்டைத் தேட வேண்டாம், தெருவைப் பாருங்கள். எங்கள் வீட்டில் கம்பி வலையே வளைந்து கிடந்தது. முதுகிலும் தொடையிலும் கிழிசல், இறகு முற்றமெங்கும். நாய்கள். நரி என்றால் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், வரப்போரம் இறகுத் தடம்தான் மிஞ்சும். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் கூண்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவி விடுங்கள். பூனை நடந்தால் வட்டமான தடம், நான்கு விரல், நகம் பதியாது. நாய், நரிக்கும் நான்கு விரல்தான், ஆனால் நகம் பதியும். கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல். பனி விழுந்தால் மட்டும் சாம்பல் உதவாது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
எல்லாரும் எழுதியது சரி, ஆனால் தின்றதுதான் கொன்றது என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழி நோயில் செத்ததை இராத்திரியில் பெருச்சாளியோ பூனையோ தின்றிருக்கும், காலையில் அதைக் காட்டி மரநாய் என்பார்கள். நான் போன வீடுகளில் இது நிறைய. கடித்த இடத்தில் இறகைப் பிடுங்கி, கையுறை போட்டுக்கொண்டு தோலை உரித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது பட்ட கடியென்றால் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாக இருக்கும். செத்த பிறகு கடித்ததென்றால் வெளுத்துக் கிடக்கும். வெளுத்திருந்தால் மற்ற கோழிகளின் கழிச்சலைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் போனாலோ கழுத்து திருகினாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அப்போது கூண்டுக்கு வலை மாற்றிப் பயனில்லை.

குமரி மலையோரம்:
ஐயா, பெருச்சாளி உயிருள்ள கோழியைப் பிடிக்குமா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
பெரிய கோழியிடம் அவ்வளவாகப் போகாது, குஞ்சு என்றால் விடாது. மண் தரையில் வளை தோண்டி உள்ளே வந்து இழுத்துக்கொண்டு போகும். கூண்டு பூட்டியிருந்தும் குஞ்சு காணவில்லை என்றால் தவிட்டுச் சாக்கை நகர்த்திப் பாருங்கள், வளைவாய் அங்கேதான் இருக்கும். சுற்றிலும் ஓரடி ஆழத்துக்குத் தோண்டி அரை அங்குல வலையைப் புதைத்துவிடுங்கள். எலிமருந்து வேண்டாம், செத்த எலியைக் கோழி கொத்தும். கண்ணியும் வேண்டாம், கீரி, மரநாய், உடும்பு எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் வருகிறவை. மாட்டினால் கோழிக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும்.