திருவனந்தபுரம் – துபாய்: போகும்போது குறைவாகவும் வரும்போது கூடுதலாகவும் நேரம் காட்டுவது ஏன்?

தக்கலை வாசகி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். துபாயில் இருக்கும் என் தங்கையின் பிரசவத்துக்காக அம்மா ஆவணியில் தனியாகப் புறப்பட்டு, ஐப்பசியில் திரும்புகிறார். போகும் சீட்டில் காலை 10.00 மணிக்குப் புறப்பாடு, பகல் 12.40 மணிக்கு வருகை என்றும், திரும்பும் சீட்டில் பகல் 1.30 மணிக்குப் புறப்பாடு, இரவு 7.00 மணிக்கு வருகை என்றும் உள்ளது. ஒரே தூரத்துக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி வரும்? சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால், அம்மா உண்மையில் எத்தனை மணி நேரம் விமானத்தில் இருப்பார் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மார்த்தாண்டம் நண்பர்:
சகோதரி, சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆண்டு முழுவதும் இதில் மாற்றம் இல்லை. ஆகவே அம்மா இறங்கும் 12.40 என்பது நம் வீட்டுக் கடிகாரத்தில் 2.10, பயணம் 4 மணி 10 நிமிடம். திரும்பும்போது சீட்டில் தெரியும் ஐந்தரை மணி நேரத்திலிருந்து ஒன்றரையைக் கழித்தால் 4 மணி நேரம்.

நேர்க்கோட்டில் தூரம் ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர். புறப்பட்டதுமே அரபிக்கடல்தான், ஓமன் வரும்வரை கீழே நீரைத் தவிர வேறொன்றும் இராது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, இறங்கிய பின் நிறுத்துமிடம் சேர்வது ஆகியவையும் சீட்டிலுள்ள நேரத்தில் அடங்கும் என்பதால், வானில் இருப்பது அதைவிடக் குறைவே. குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று பலமாக இருக்கும்போது, திரும்பும் பயணம் இன்னும் சற்று விரைவாக முடியும்.

குளச்சல் செவிலியர்:
நான்கு மணி நேரத்தை மட்டும் கணக்கில் கொள்ளாதீர்கள். பத்து மணி விமானத்துக்கு ஏழு மணிக்குள் நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தக்கலையிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். களியக்காவிளை தாண்டியதும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் சிக்காமல், காரோடு என்னும் ஊரிலிருந்து கோவளம் வழியாகப் போகும் புறவழிச்சாலையைப் பிடியுங்கள். துபாயில் இறங்கிக் குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வர மேலும் ஒரு மணி நேரம் ஆகலாம். அம்மாவுக்கு வீட்டு வாசல் முதல் தங்கை வீடு வரை பத்து மணி நேரத்துக்கும் மேல் என்று வைத்துத்தான் காலை உணவையும் ஊசியையும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். இன்சுலினை, மருந்துச் சீட்டோடு, கைப்பையிலேயே வையுங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகக்கூடும். தங்கை வீடு சேரும்வரை அம்மாவின் கைக்கடிகாரம் நம் நேரத்திலேயே இருக்கட்டும். ஊசிக்கும் ஊசிக்கும் இடையேயான மணிக்கணக்கு குழம்பாது.

தக்கலை வாசகி:
மிக்க நன்றி. கடிகாரத்தை மாற்றிவைக்கும்படி அம்மாவிடம் நேற்றுதான் சொல்லியிருந்தேன். இன்றே திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

மார்த்தாண்டம் நண்பர்:
இன்னொன்று. ஐப்பசியில் திரும்புகிறார் என்றீர்களே, தேதியைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் விழா) நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பங்குனி, ஐப்பசி ஆராட்டு ஊர்வலங்கள் விமான ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கின்றன. அந்த நாள்களில் மாலை தொடங்கி இரவு வரை சில மணி நேரம் விமானங்கள் இறங்குவதில்லை. உங்கள் அம்மாவின் வருகையோ இரவு 7.00. நேரம் மாற்றப்பட்டால் சீட்டில் பதிவான கைப்பேசி எண்ணுக்கே செய்தி வரும். முகவர் மூலம் எடுத்த சீட்டென்றால், அதில் உங்கள் எண் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.